இரண்டு போன்களின் ஜிபிஎஸ் திறனை ஒப்பிடுவது எப்படி: சிக்னல் வலுவும் இடம் பிடிக்கும் நேரமும்

இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மேப்பைத் திறந்து, நீலப்புள்ளி எதில் முதலில் வருகிறது என்று பார்ப்பதே நம்மில் பலர் செய்யும் ஒப்பீடு. அந்தச் சோதனையில் ஜிபிஎஸ் ரிசீவர் கலந்துகொள்ளாமலே போயிருக்க வாய்ப்பு உண்டு. அருகிலுள்ள வைஃபை ரவுட்டர்களையும் செல்போன் கோபுரங்களையும் வைத்தே இன்றைய போன் ஓரிரு விநாடியில் இருப்பிடத்தை ஊகித்துவிடும். மேப்பில் முதலில் தெரியும் புள்ளி பெரும்பாலும் அந்த ஊகம்தான். இதை நம்பி ஒரு போனைச் சிறந்தது என்று வாங்குபவர், கோபுரமும் ரவுட்டரும் இல்லாத மலைப்பாதையிலோ வயல்வெளியிலோ நிற்கும்போதுதான் உண்மையை அறிவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விரைவாக இடம் பிடிப்பதும் சிக்னலை நன்றாக வாங்குவதும் ஒன்றே என்று எண்ணுகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு. இணையத்திலிருந்து முன்கூட்டியே தரவு வாங்கி வைத்திருக்கும் சாதாரணப் போன், அந்தத் தரவு இல்லாத தரமான போனை நேரத்தில் எளிதாக வென்றுவிடும். ஆகவே சிக்னல் வலுவைத் தனியாகவும், இடம் பிடிக்கும் நேரத்தைத் தனியாகவும் அளக்க வேண்டும். நேரத்தை அளக்கும்போது இரண்டு போன்களும் ஒரே நிலையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கோரிக்கையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அந்தச் சில விநாடிகளில் நடப்பது என்ன

எதை அளக்கிறோம் என்று தெரியாமல் ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் பயனில்லை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் அனுப்பும் எல்1 சிக்னல் நம்மை வந்தடையும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்கே மிஞ்சியிருக்கும். ரிசீவரின் சொந்த வெப்ப இரைச்சலுக்கும் கீழே அது அமுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனியான ஒரு குறியீட்டு வரிசை உண்டு. அந்த வரிசை ரிசீவருக்கு முன்பே தெரியும் என்பதால், அதையே தன்னிடமும் உருவாக்கி, நேரத்தையும் அலைவெண்ணையும் சிறிது சிறிதாக நகர்த்திப் பொருத்திப் பார்த்து, இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னலை வெளியே எடுக்கிறது. இது முதல் வேலை.

இரண்டாவது வேலைதான் நேரத்தை விழுங்குவது. செயற்கைக்கோள் இந்த நொடியில் சரியாக எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால்தான் அதிலிருந்து அளந்த தூரத்துக்குப் பொருள் உண்டு. எஃபெமெரிஸ் எனப்படும் அந்தத் துல்லியமான சுற்றுப்பாதை விவரத்தைச் செயற்கைக்கோளே ஒலிபரப்புகிறது. ஆனால் அதன் வேகம் விநாடிக்கு வெறும் 50 பிட். 1500 பிட் கொண்ட ஒரு முழுத் தொகுதி வந்து சேர 30 விநாடி ஆகும். அந்தத் தொகுதி ஆறு ஆறு விநாடியாக ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் மூன்று பகுதிகளில், அதாவது 18 விநாடியில், நமக்கு வேண்டிய எஃபெமெரிஸ் அடங்கியிருக்கும். கடைசி இரண்டு பகுதிகளில் அல்மனாக் எனப்படும் பொதுப் பட்டியல் துண்டு துண்டாக வரும். 25 தொகுதிகளையும் வாங்கி அதை முழுமையாக்க 12.5 நிமிடம் தேவை.

எனவே எந்த உதவியும் இல்லாமல் தொடங்கும் போன், வானம் முழுதும் திறந்திருக்கும் இடத்திலும் அரை நிமிடத்தையொட்டி எடுத்துக்கொள்வது இயல்பு. அதைக் குறையாகக் கருதக் கூடாது. அந்த 18 விநாடிக்கு நடுவே ஒரு மரக்கிளையோ நம் கையோ குறுக்கே வந்து ஒரு பகுதி சிதைந்துவிட்டால், அதே பகுதி மறுபடி வரும்வரை இன்னும் 30 விநாடி காத்திருக்க வேண்டும். மரத்தடியில் நிற்கும்போது இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று இழுத்துக்கொண்டே போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஒலிபரப்பாகும் தரவைப் பிழையின்றிப் படிப்பதற்குச் சிக்னல் ஓரளவு வலுவாக இருக்க வேண்டும். ஆனால் தரவு ஏற்கனவே கையில் இருந்தால், அதைவிட மிகவும் மெலிந்த சிக்னலை வைத்துக்கொண்டே தூரத்தை அளந்துவிட முடியும். வீட்டுக்குள் ஜன்னலோரம் ஒரு போன் இடத்தைப் பிடித்து, மற்றொன்று எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பிடிக்காமல் போவதற்கு ஆண்டெனாவின் தரம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதல் போனுக்கு எஃபெமெரிஸ் இணையம் வழியாக வந்து சேர்ந்திருக்கும், மற்றதற்கு வந்திருக்காது.

இணையம் வழியாக வரும் இந்த உதவியைத்தான் ஏ-ஜிபிஎஸ் என்கிறோம். சுப்பிள் என்ற நெறிமுறைப்படி ஒரு சர்வரிலிருந்து அந்த நேரத்துத் தரவை வாங்குவது ஒரு வகை. சில நாட்களுக்கான சுற்றுப்பாதைக் கணிப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது இன்னொரு வகை; குவால்காம் சிப்களில் இதற்கு எக்ஸ்ட்ரா என்றும், மீடியாடெக் சிப்களில் இபிஓ என்றும் பெயர். இரண்டாம் வகைத் தரவை வைத்திருக்கும் போன், டேட்டாவை நிறுத்திய பிறகும் சில நாட்களுக்கு வேகமாகவே இடம் பிடிக்கும். ‘டேட்டாவை ஆஃப் செய்துவிட்டேன், ஆகவே இது உதவியில்லாத சோதனை’ என்று முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

தொடக்க நிலைகள் மூன்று. எஃபெமெரிஸ், நேரம், தோராயமான இடம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் ஹாட் ஸ்டார்ட். சில விநாடிகளில் இடம் கிடைத்துவிடும். நேரமும் இடமும் அல்மனாக்கும் இருந்து எஃபெமெரிஸ் மட்டும் காலாவதியாகியிருந்தால் வார்ம் ஸ்டார்ட். ஜிபிஎஸ் எஃபெமெரிஸின் ஆயுள் ஏறத்தாழ 4 மணி நேரம் என்பதால், காலையில் பயன்படுத்திவிட்டு மாலையில் எடுக்கும் போன் இந்த நிலையில் இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால் கோல்ட் ஸ்டார்ட். சிங்கப்பூரில் அணைத்த போனைச் சென்னை விமான நிலையத்தில் ரோமிங் டேட்டா இல்லாமல் திறப்பவர், கோல்ட் ஸ்டார்ட்டுக்கு மிக நெருக்கமான நிலையைக் காண்பார்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற செயலியையே பரிந்துரைக்கிறேன். ஷான் பார்போ உருவாக்கிய திறந்த மூல நிரல் இது, இலவசமாகக் கிடைக்கிறது. மேப் செயலிகளைப் போல வைஃபை ஊகத்தைக் கலக்காமல், செயற்கைக்கோள் ரிசீவர் தரும் இருப்பிடத்தை மட்டும் காட்டுகிறது. முதல் இடம் கிடைக்க எடுத்த நேரத்தையும் தானே கணக்கிட்டுக் காட்டிவிடுவதால் ஸ்டாப்வாட்ச் தேவையில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் நாட்டுக்கொடி, எண், சிக்னல் வலு, அடிவானத்திலிருந்து உயரக் கோணம் ஆகியவை இருக்கும். வரியின் ஓரத்தில் ஏ, இ, யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இடம் விடப்பட்டிருக்கும். அல்மனாக் கையில் இருந்தால் ஏ எழுத்தும், எஃபெமெரிஸ் இருந்தால் இ எழுத்தும், அந்தச் செயற்கைக்கோள் இருப்பிடக் கணக்கில் பயன்படும்போது யூ எழுத்தும் தோன்றும். பார்வையில் உள்ள செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதைவிட, யூ எழுத்து பெற்றவை எத்தனை என்று எண்ணுவதே நேர்மையான கணக்கு.

அடுத்து இடம். மொட்டை மாடி நல்ல இடம்தான்; ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கும் தகரக் கூரைக்கும் மாடிப்படி அறையின் சுவருக்கும் தள்ளி, நான்கு புறமும் வானம் தெரியும் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன்களை இரும்பு மேசை மீது வைக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியிலோ மர ஸ்டூலிலோ திரை வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். இரண்டும் ஒரே திசையில் இருக்கட்டும். நடுவே ஒரு முழத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். எல்1 சிக்னலின் அலைநீளம் 19 சென்டிமீட்டர் என்பதால், ஒட்டி வைத்த போன்கள் ஒன்றன் ஆண்டெனாவை ஒன்று பாதிக்கும். உறைகளைக் கழற்றிவிடுங்கள், குறிப்பாக, கார் ஸ்டாண்டுக்காகப் பின்புறம் காந்தத் தகடு ஒட்டியிருந்தால் அதை எடுக்காமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். பேட்டரி சேமிப்பு முறையை இரண்டிலும் நிறுத்துங்கள். சோதனை நடக்கும்போது போனைக் குனிந்து பார்க்கும் நம் தலையும் தோளும்கூட வானத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றன. இடத்தைப் பிடிக்கும்வரை தள்ளி நிற்பது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, நம் ஊர் வெயிலில் மதியத்தில் மாடியில் வைத்த போன் சூடாகிவிடும். சூட்டில் போன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரிசீவரின் கடிகாரப் படிகத்தின் அலைவெண்ணும் சற்று நகரும். காலை ஏழு மணியையொட்டிய நேரமே என் தேர்வு. மறுநாள் மீண்டும் செய்வதானால் 4 நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அந்த அளவு முன்னதாகவே அதே இடங்களுக்குத் திரும்புகின்றன. மற்ற நாடுகளின் செயற்கைக்கோள் தொகுதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்றாலும், முந்தைய நாளின் வானத்துக்கு ஓரளவு நெருங்கிய வானம் கிடைக்கும்.

சிக்னல் வலுவை ஒப்பிடுதல்

இரண்டு போன்களும் இடத்தைப் பிடித்து ஐந்து நிமிடம் ஆகட்டும். அதன் பிறகு இரண்டு திரைகளிலும் ஒரே செயற்கைக்கோளைத் தேடி, அதன் சிக்னல் வலுவை அருகருகே எழுதுங்கள். அலகு டெசிபல்-ஹெர்ட்ஸ். திறந்த வானத்தில் உச்சிக்கு அருகிலுள்ள செயற்கைக்கோள்கள் நல்ல போனில் 40ஐத் தாண்டும். 30களின் நடுப்பகுதி சுமார். எல்லாமே 20களில் நின்றால் ஆண்டெனாவிலோ, உறையிலோ, இடத்திலோ ஏதோ கோளாறு. செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை இந்த ஒப்பீட்டில் பெரிதாக உதவாது; ஒரு சிப் ரஷ்யாவின் குளோனாஸையும் சீனாவின் பெய்டோவையும் ஐரோப்பாவின் கலிலியோவையும் சேர்த்துக் காட்டும், இன்னொன்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே செயற்கைக்கோள், ஒரே நிமிடம், இரண்டு போன்கள் என்ற ஒப்பீடே ஆண்டெனாவின் தரத்தைச் சொல்லும்.

உயரக் கோணம் 30 பாகைக்கு மேலுள்ள ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் வலுவான நான்கை எடுத்து, அவற்றின் சராசரியை ஒவ்வொரு போனுக்கும் கணக்கிடுங்கள். பிறகு இரண்டு போன்களின் இடத்தையும் மாற்றி வைத்து மீண்டும் எழுதுங்கள். இடத்தை மாற்றியதும் வித்தியாசமும் இடம் மாறினால், அது நாற்காலியின் குணம், போனின் குணம் இல்லை. இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் வெளியிடப்படும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

வித்தியாசத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: டெசிபல் என்பது மடக்கை அளவு. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 6 குறைந்தால் கால்பங்கு. ஒரு டெசிபல் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அது அளவின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும். 3 டெசிபல் நிலையாக இருந்தால் உண்மையான வித்தியாசம். 6 டெசிபல் இருந்தால், திறந்த மாடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மரத்தடியிலும் நெருக்கமான தெருவிலும் ஒன்று தடுமாறும் என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்து, கையில் பிடித்துப் பாருங்கள். செங்குத்தாகப் பிடிப்பது, கேம் விளையாடுவதுபோல இரண்டு கைகளாலும் கிடைமட்டமாகப் பிடிப்பது, சட்டைப் பையில் வைப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், சில போன்களில் வலு அப்படியே இருப்பதையும் சிலவற்றில் 5, 6 டெசிபல் சரிவதையும் காணலாம். பல போன்களில் ஜிபிஎஸ் ஆண்டெனா மேல் விளிம்பையொட்டி இருக்கிறது. கிடைமட்டமாகப் பிடிக்கும்போது உள்ளங்கை அதன்மீது வந்து உட்கார்ந்துவிடும். பைக் ஸ்டாண்டில் போனைப் பொருத்துபவர்களுக்கு இது மிகவும் பயன்படும் தகவல், ஏனென்றால் ஸ்டாண்டின் உலோகக் கொக்கி எந்த விளிம்பைக் கவ்வுகிறது என்பதைப் பொறுத்து வழிகாட்டலின் தரமே மாறிவிடும்.

இடம் பிடிக்கும் நேரத்தை ஒப்பிடுதல்

கோல்ட் ஸ்டார்ட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டு போன்களையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையிலும் ஜிபிஎஸ் ரிசீவர் வேலை செய்யும், அது வாங்கும் கருவியே தவிர அனுப்பும் கருவி இல்லை. ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியின் மெனுவில் உதவித் தரவை அழிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தபின் திரையைக் கவனியுங்கள். முதலில் சிக்னல் வலுப் பட்டைகள் மட்டும் ஒவ்வொன்றாக எழும். இருபது விநாடியையொட்டி ஒரு செயற்கைக்கோளுக்கு இ எழுத்து தோன்றும், பிறகு அடுத்ததற்கு, பிறகு இன்னொன்றுக்கு. நான்கு செயற்கைக்கோள்கள் தேறியதும் இருப்பிடம் வந்து, யூ எழுத்துகள் வரிசையாக ஏறும். மேலே விவரித்த 18 விநாடிக் கணக்கு கண்முன் நடப்பதை இதில் பார்க்கலாம். ஒரு முறையாவது பொறுமையாக உட்கார்ந்து இதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாப் போன்களும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. அழித்ததாகச் செயலி சொன்ன பிறகும், ஏரோப்ளேன் மோடில், மூன்று நான்கு விநாடியில் இடம் வந்துவிட்டால், அந்தப் போன் எதையும் அழிக்கவில்லை என்றே பொருள். ஒலிபரப்பிலிருந்து அத்தனை வேகத்தில் தரவை யாராலும் வாங்க முடியாது. அப்படிப்பட்ட போனின் எண்ணை மற்றதன் கோல்ட் ஸ்டார்ட் எண்ணோடு ஒரே அட்டவணையில் எழுதாதீர்கள்.

30 விநாடித் தரவுத் தொகுதியின் எந்த விநாடியில் நாம் தொடங்குகிறோம் என்பது தற்செயல். தலைப்பகுதியில் தொடங்கினால் அதிர்ஷ்டம்; அது கடந்துபோன மறுகணம் தொடங்கினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். இதனால் மட்டுமே பத்துப் பன்னிரண்டு விநாடி கூடக் குறைய வரும். எனவே ஒரே ஒரு முறை அளந்து முடிவு சொல்லக் கூடாது. ஏழு முறையாவது செய்து, நேரங்களை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிச் சராசரி பார்த்தால், ஒரு பகுதி சிதைந்து மூன்று நிமிடம் இழுத்த ஒரே ஒரு முறை மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் சென்றுவிடும். அதே சமயம் அந்த நீண்ட நேரங்களை மறைக்கவும் வேண்டாம்; மிகக் கூடிய நேரம் என்ன என்பதைத் தனியாக எழுதுங்கள். வழியில் தவிக்கும்போது நம்மை வந்து சேர்வது பெரும்பாலும் அந்த எண்தான்.

அதன் பிறகு டேட்டாவை இயக்கி, மீண்டும் அழித்து, மீண்டும் அளக்கலாம். இந்தச் சுற்று ரிசீவரோடு சேர்த்து நெட்வொர்க்கையும் அளக்கிறது. ஒரு போனில் ஒரு நிறுவனத்தின் சிம்மும் மற்றதில் இன்னொன்றும் இருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போடுங்கள், அல்லது இரண்டையும் மூன்றாவது போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். கோல்ட் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் எடுத்த போன் இப்போது பத்து விநாடிக்குள் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் உதவித் தரவு வந்து சேரவில்லை; தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா என்பதையும், பின்னணி டேட்டாவைத் தடுக்கும் செயலி ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழுது என்று கருதப்படும் பல போன்களின் உண்மைக் குறை இவ்வளவுதான்.

ஹாட் ஸ்டார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செயலியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் எந்தப் போனும் சில விநாடியில் காட்டிவிடும். விளம்பரங்களில் வரும் நேரம் பெரும்பாலும் இதுவே.

கடினமான இடங்களில்

மாடியில் எல்லாப் போன்களும் நல்ல பிள்ளைகள். வேறுபாடு தெரிவது மரத்தடியிலும், இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கும் தெருவிலும்தான். தி.நகர் ரங்கநாதன் தெரு போன்ற இடத்தில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் சிக்னல் மறைந்து, எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய சிக்னல் வந்து சேரும். அது கடந்த தூரம் அதிகம் என்பதால் இருப்பிடம் பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிடும். சிக்னல் வலு இங்கே நன்றாகவே காட்டலாம். வலு இருந்தும் இடம் தவறும். ஆகவே இங்கே அளக்க வேண்டியது சிதறலை, அதாவது அசையாத போன் காட்டும் இருப்பிடம் எவ்வளவு அலைகிறது என்பதை.

இந்த இடத்தில்தான் எல்5 என்ற இரண்டாவது அலைவெண் கைகொடுக்கிறது. 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் அதன் குறியீடு எல்1 குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது. எல்1 குறியீட்டின் ஒரு துளியின் நீளம் தூரக் கணக்கில் ஏறத்தாழ 300 மீட்டர் என்றால், எல்5இல் அது 30 மீட்டர். எனவே நேராக வந்த சிக்னலையும் சற்றுத் தாமதமாக மோதித் திரும்பிய சிக்னலையும் பிரித்தறிவது எல்5இல் எளிது. 2018இல் வெளியான ஷாவ்மி மி 8 போனில் பிராட்காம் நிறுவனத்தின் இரட்டை அலைவெண் சிப் முதன்முதலாக வந்தது. இப்போது நடுத்தர விலைப் போன்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், செயலியில் எல்5 என்ற குறியோடு வரும் வரிகள் உண்மையிலேயே யூ எழுத்தைப் பெறுகின்றனவா என்று பாருங்கள்.

சிதறலை அளக்க, ஓரிடத்தில் போனை அசையாமல் வைத்து, பத்து நிமிடத்துக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.1 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள்; சென்னையின் அட்சரேகையில் கிழக்கு மேற்காகவும் அதே அளவுக்கு மிக நெருக்கம், 1.08 மீட்டர். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு காகிதத்திலேயே சிதறலை மீட்டரில் சொல்லிவிடலாம். போன் தானே காட்டும் துல்லிய எண்ணை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டில் ‘4 மீட்டர்’ என்று வந்தால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக அந்தப் போன் தன்னைப் பற்றித் தானே மதிப்பிடுகிறது, அவ்வளவே. ஒரு போன் தன்னடக்கத்தோடு 8 என்றும், மற்றது தாராளமாக 3 என்றும் சொல்லி, இரண்டும் ஒரே அளவு தவறியிருக்கலாம்.

நடந்து பார்க்கும் சோதனைக்கு இரண்டு போன்களையும் ஒரே பையின் மேல்பகுதியில் வைத்து, ஒரு தெருவின் இடது ஓரமாகச் சென்று வலது ஓரமாகத் திரும்புங்கள். பதிவுக்கு வழிகாட்டும் செயலியைப் பயன்படுத்தக் கூடாது. அது இருப்பிடத்தைச் சாலையின் மீது இழுத்து ஒட்டிவிடும், தவறு வெளியே தெரியாது. தடத்தை மட்டும் பதியும் செயலி போதும். இரண்டு ஓரங்களும் தனித்தனிக் கோடுகளாக வந்தால் அது நல்ல போன். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வந்தால் சுமார்.

நம் பகுதியின் வானத்துக்கே உரியவை

காந்த நிலநடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதனால்தான். சூரியன் மறைந்தபின் சில மணி நேரத்துக்கு இந்தப் பகுதியின் அயனி மண்டலத்தில் குமிழிகள்போல் அடர்த்தி குறைந்த பகுதிகள் எழும். அவற்றைக் கடந்து வரும் சிக்னல் துடித்துத் துடித்து வலு குன்றும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது மிகுதி. வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு போனை மாலை ஆறு மணிக்கும் மற்றதை இரவு ஒன்பது மணிக்கும் சோதிப்பது நமக்குச் சரிவராது. இரண்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள்.

ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் தொகுதியான இஸ்ரோவின் நாவிக்கையும் கவனிக்க வேண்டும். ஏழு செயற்கைக்கோள்களை ஏவும் பணி 2016 ஏப்ரலில் நிறைவடைந்தது. அதில் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிலைகொண்ட செயற்கைக்கோளின் இடம் சென்னையிலிருந்து பார்த்தால் 70 பாகைக்கும் மேலான உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே அமைகிறது. நெருக்கமான தெருவில் இது பெரிய வரம். ஆனால் தொடக்க காலச் செயற்கைக்கோள்கள் எல்1 அலைவெண்ணில் ஒலிபரப்பாததால், எல்5 வசதியுள்ள சிப் இல்லாமல் போனால் அவற்றைப் பிடிக்க முடியாது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 தான் எல்1ஐயும் சேர்த்துக்கொண்டது. தொடக்க காலச் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதானதால், ஏழையும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். செயலியில் இந்தியக் கொடியுள்ள வரிகளைத் தேடி, அவற்றில் யூ எழுத்து இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

உயரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மாடியில் நிற்கும்போது சில திரைகளில் கடல்மட்டத்துக்கு எழுபது மீட்டர் கீழே இருப்பதுபோல் எண் வரும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணித நீள்கோளத்தைவிட, நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் 80 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருப்பதே காரணம். இப்படிக் கடல்மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம், இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. திருத்தம் செய்து காட்டும் போனும் செய்யாமல் காட்டும் போனும் அருகருகே இருந்தால், இரண்டும் சரியாகவே இருக்கும்.

ஐபோனும், தோற்ற போனும்

ஐபோனில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் வலுவையும் பார்க்க ஆப்பிள் செயலிகளுக்கு வழி தருவதில்லை; உதவித் தரவை அழிக்கும் வழியும் இல்லை. எனவே ஐபோனோடு ஒப்பிடும்போது சிதறலையும் நடைத் தடத்தையும் மட்டுமே வைத்துப் பேசலாம். 2022இன் ஐபோன் 14 ப்ரோவிலிருந்து ப்ரோ வகைகளில் இரட்டை அலைவெண் வசதி உண்டு என்பதால், அதற்கு இணையான ஆண்ட்ராய்டு போனோடுதான் அவற்றை நிறுத்த வேண்டும்.

ஒப்பீட்டில் உங்கள் போன் தோற்றிருந்தால், அதை மாற்றும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். சிக்னல் வலுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள்: முதலில் உறை, பிறகு ஸ்டாண்டு, பிறகு காரின் சார்ஜர், பிறகு டேஷ் கேமரா. ஒரு திசையிலுள்ள செயற்கைக்கோள்கள் மட்டும் குன்றினால் அந்தப் பக்கம் ஏதோ மறைக்கிறது. சார்ஜரைச் செருகியதும் எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் நான்கைந்து டெசிபல் இறங்கினால், அந்தச் சார்ஜர் இரைச்சலைக் கக்குகிறது, போனில் குறையில்லை. கண்ணாடியில் உலோகப் படலம் பூசிய கார்களில் முன்கண்ணாடிக்கு உட்புறம் முழுவதுமே இப்படி இறங்கும். பின்காட்டும் கண்ணாடியை ஒட்டிப் படலம் பூசாமல் விட்ட சிறு இடம் சில கார்களில் இருக்கும், போனை அதற்கு நேர்கீழே பொருத்தி மீண்டும் எண்களை எழுதுங்கள்.